பட்டி பார்க்காத கார்

பழைய காரைக் காலையில் எழுப்பும்போது சோக்கை முழுக்க இழுக்கக் கூடாது. பாதி இழுத்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்ததும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் அதன் போக்கில் விட வேண்டும். சத்தம் தணிந்து சீராகும்வரை கண்ணாடியைத் துடைக்கலாம், டயரைப் பார்க்கலாம், சும்மாவும் நிற்கலாம். இதை என் மாப்பிள்ளைக்கு எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் சாவியைத் திருப்புவார், ஓங்கி ஒரு மிதி மிதிப்பார், தெருவே அலறும், கிளம்பிவிடுவார்.

அவர் காருக்கு அடியில் சிக்கி இறந்ததை விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறீர்கள். என் மகளோ, “என் கையாலேயே அவரைக் கொன்னுட்டேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் தப்பு. தப்பான அறிக்கையில் கையெழுத்து விழுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும் கேட்டேன். காரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பம்புக் கம்பெனியில் தரம் பார்க்கிறவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரும்பை உருக்கி வார்க்கும்போது உள்ளே காற்றுக் குமிழ் தங்கி ஓட்டை விழும். சில வார்ப்புக்காரர்கள் அந்த ஓட்டையில் பசையை அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. நான் சின்னச் சுத்தியலால் தட்டுவேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அடைத்த இடம் டொக்கென்று ஊமையாகிவிடும். டொக் என்று கேட்டால் அந்தச் சரக்கு முழுவதும் திரும்பிப் போகும். என்னைத் திட்டாத வார்ப்புக்காரன் கிடையாது.

காரும் அப்படித்தான். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது முறை. சோம்பேறிகள் ஓட்டையின் மேலே பசையை அப்பிப் பட்டி பார்த்து, மட்டமாகத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். நான் என் காரைக் குப்பைக் கிடங்கிலிருந்து எடுத்து, பல வருஷம் ஒவ்வொரு தகரமாக மாற்றி, ஒரு விரல் பட்டிகூட இல்லாமல் நிமிர்த்தினேன். இதே மாடல் வைத்திருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றாகக் கூடுவோம். அங்கே என் பெயர் சுத்தியல். நான் தட்டி, நல்லது என்று தலையாட்டினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

ஒருமுறை ஒரு மருந்துக்கடைக்காரர் புதிதாக வாங்கிய காரைப் பெருமையாகக் கொண்டுவந்தார். பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். நான் கதவைச் சுற்றித் தட்டினேன். எல்லாம் டொக். “பட்டியைக் கழிச்சா இதுல கண்ணாடிதாங்க மிஞ்சும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய சின்ன மகளும், என்னவென்று புரியாமலே சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. பட்டி பார்க்கிறவனும் திருடனும் எனக்கு ஒன்று என்று அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் என் கண் மங்கியது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் மூடியே கிடந்தது. மகள்தான் கேட்டாள், “அப்பா, அது நின்னு நின்னே செத்துப்போயிடும், அவர்கிட்ட குடுங்களேன்” என்று. நியாயம்தான். ஓட்டாத காரில் சீல்கள் காயும், பிரேக் பிடித்துக்கொள்ளும், டேங்கில் துரு படியும். கொடுத்தேன். பெண்ணைக் கொடுத்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அவர் அதை வைத்திருந்த விதத்தைச் சொல்கிறேன். மழையில் எடுத்துக்கொண்டு போவார், வந்து துடைக்கவும் மாட்டார். கிளட்ச் மேல் வைத்த காலை எடுக்கவே மாட்டார். தெருப் பிள்ளைகளைப் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவார். அதுகள் பிஸ்கட்டைத் தின்று சீட்டிலேயே கையைத் துடைக்கும். என் மகள் முன்சீட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி டாஷ்போர்டின் மேல் வைத்துக்கொள்வாள். நான் வண்டியில் இருந்தவரைக்கும் அவள் காலைக் கீழே வைத்துத்தான் உட்கார்ந்திருந்தாள். பானட்டைத் தட்டிக்கொடுத்து, “என்ன செல்லம், போகலாமா?” என்பார் அவர். இரும்பு எப்படி ஐயா செல்லமாகும்?

இத்தனைக்கும் அந்தக் கார் அவரிடம் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. என்னிடம் அது எத்தனையோ தடவை நடுவழியில் நின்றிருக்கிறது, கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறேன். அவரிடம் மட்டும் சொன்னபடி கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. வாசலில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். அவர் உள்ளே வந்து, “மாமா, உங்க பொண்ணு சௌக்கியம், ரெண்டு பேரும்” என்று சிரிப்பார். ரெண்டு பேர் என்றால் மகளும் காரும். அவர் கெட்டவர் இல்லை என்று மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். ஆமாம், இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

போதாக்குறைக்கு அவருக்கு வேலை கற்றுக்கொள்ளும் ஆசையும் வந்துவிட்டது. போனில் கேட்டுக் கேட்டே பிளக் கழற்றக் கற்றார், கார்ப்பரேட்டர் துடைக்கக் கற்றார். சோக் விஷயம் ஒன்றைத் தவிர நான் சொன்ன எதையும் தட்டினதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, இரும்பு ஸ்டாண்டும் வைக்க வேண்டும், கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்துக் காருக்கு அடியில் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். வண்டி இறங்கினாலும் சக்கரத்தின் மேல்தான் உட்காரும், ஆளை நசுக்காது. ஆனால் தூக்கிச் செய்கிற வேலையென்றால் காரை என் கொட்டகைக்கே கொண்டுவரச் சொல்லிவிடுவேன். அவர் வெளியே போய்க் காபி வாங்கி வருவதற்குள் நானே தூக்கி வைத்துவிடுவேன். ஜாக்கி அச்சுக்கு அடியில் போகும், பாக்ஸுக்கு அடியில் போகாது.

பாக்ஸ் என்றால் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடுகிற தகரப் பெட்டி. இந்த மாடலுக்கு அதுதான் முதுகெலும்பு. ஜாக்கி வைக்கும் இடமென்று கம்பெனியே அதில் அம்புக்குறி போட்டிருக்கும். உள்ளே புகும் தண்ணீர் வடிய அடியில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் கம்பியால் அவற்றைக் குத்திவிட வேண்டும். பழைய கார் வைத்திருக்கிற யாருக்கும் நான் சொல்லும் முதல் புத்தி இதுதான்.

ஊருக்குத்தான் உபதேசம். காரை நிமிர்த்தி முடித்த சந்தோஷத்தில், துருவே அண்டக் கூடாதென்று அடிப்பாகம் முழுக்க நானே தார் பூசினேன். ஒரு கோட் போதும். எனக்குப் போதவில்லை, மேலே மேலே பூசினேன். துளைகள் அடைபட்டுப்போயின. அது என் கண்ணில் படவில்லை. தண்ணீர் உள்ளேயே நின்று பாக்ஸை உள்ளிருந்து தின்றிருக்கிறது. வெளியே தாரும் பெயிண்டும் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தன. பல வருஷம் கழித்து, கழுவிக்கொண்டிருந்தபோது சும்மா ஒரு தட்டுத் தட்டினேன். டொக் என்றது. சுற்றிலும் தட்டினேன், முன்னாலும் டொக்தான்.

வெட்டி மாற்றியிருக்கலாம். அதற்குத் தகர வேலை பார்க்கிற டிங்கரிடம் போக வேண்டும். டிங்கர் வாயில் எதுவும் நிற்காது, அடுத்த கூட்டத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கொட்டகையின் ஷட்டரை இறக்கிவிட்டு நானே செய்தேன். ஓட்டையில் கம்பி வலையைத் திணித்து, பட்டி அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, அம்புக்குறியைக்கூடத் திரும்ப வரைந்தேன். நல்ல வேலை. வார்ப்புக்காரன் எவனும் அவ்வளவு சுத்தமாக அடைத்ததில்லை. ஓட்டுவதற்கு ஆபத்தில்லை, அங்கே தூக்கினால்தான் ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரில்தான் என் மகள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அன்று காலை மாப்பிள்ளை போன் செய்தார். கியர்பாக்ஸிலிருந்து ஆயில் சொட்டுகிறதாம். கண் தெரியாத மனுஷரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தானே பார்க்கப் போகிறாராம். போனைச் சத்தமாக வைத்துத் தரையில் போட்டிருந்தார். வாளி உருட்டுகிற சத்தமும் என் மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது.

“மாமா, பாக்ஸ்ல அம்புக்குறி இருக்கே, அங்கதான் ஜாக்கி வைக்கப் போறேன். ஆனா அந்த இடத்துல பெயிண்ட் லேசா உப்பியிருக்கு. நீங்க தட்டுற மாதிரி தட்டிப் பார்த்தேன். சத்தம் ஒரு மாதிரி இருக்கு. தாங்குமா?”

தட்டிப் பார்த்தாராம். என் சுத்தியலை எனக்கே திருப்பிக் காட்டுகிறார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் என் மகள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அவர் கேலிகூடச் செய்ய மாட்டார். “விடுங்க மாமா, யானைக்கும் அடி சறுக்கும்” என்பார், தட்டிக்கொடுப்பார், பானட்டைத் தட்டுகிற மாதிரி. அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. குரலை மட்டும் கொதிக்க விடவில்லை.

“அது மேல் பெயிண்ட்டுதான் மாப்பிள்ளை. உள்ள இரும்பு நல்லா இருக்கு. தாங்கும், வையுங்க.”

“நீங்க சொன்னா சரி மாமா.”

ஜாக்கியையும் ஸ்டாண்டையும் அங்கேயே வைத்தார். சக்கரத்தைக் கழற்றி அடியில் தள்ளினார். ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். நானும் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். காருக்கு அடியில் போனார். ஸ்பானர் வழுக்குகிறது என்று சிரித்தார், ஒருதரம் பலமாக இழுத்தார் போலிருக்கிறது. தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதுவரை நடந்ததை நீங்கள் ஒரு வயசானவனின் தவறு என்று எழுதிக்கொள்ளலாம். மீதியை அப்படி எழுத முடியாது. கார் அவரைக் கொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி தள்ளிய சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்தது. தோளும் மார்பும் சிக்கிக்கொண்டன, மூச்சு இருந்தது, பேச்சும் இருந்தது. “பயப்படாதே, மாமாகிட்ட கேளு” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மகள் போனை எடுத்தாள்.

“அப்பா, வண்டி இறங்கிடுச்சு. அவர் உள்ள மாட்டிக்கிட்டாருப்பா. தூக்கணும். ஜாக்கிய எங்கப்பா வைக்கறது? சீக்கிரம் சொல்லுங்க.”

முன்னச்சுக்கு அடியில் வை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சுலபமாகக் கை போகிற இடம், தூக்கியிருப்பாள், அவர் ஊர்ந்து வெளியே வந்து தண்ணீர் கேட்டிருப்பார். ஆனால் அச்சில் வை என்றால், அப்படியானால் அவரை ஏன் பாக்ஸில் வைக்கச் சொன்னீர்கள் என்று கேட்பாள். இன்று இல்லாவிட்டாலும் நாளைக்குக் கேட்பாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப் போட்ட தோளோடு கேட்பார். இதையெல்லாம் நான் நிதானமாகத்தான் யோசித்தேன். பதறவில்லை.

“அதே பாக்ஸ்லதாம்மா. கொஞ்சம் முன்னால தள்ளி வை” என்றேன்.

முன்னாலும் பட்டிதான். என் கையால் அப்பியது, எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவள் ஜாக்கியைச் சுழற்றினாள். கார் எழும்பியது, அவர் மூச்சு விட்டது கேட்டது. நகரப் பார்த்திருக்கிறார், அதில் அடியிலிருந்த சக்கரம் விலகிப்போயிருக்கிறது. அப்புறம் பாக்ஸ் கிழிந்தது. இந்தத் தடவை தாங்கிக்கொள்ள அடியில் ஒன்றும் இல்லை.

ஆகவே தூக்கினது அவள் கை, ஆனால் கொன்றது நான். அவளிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உன் அப்பாவுக்கு உன் புருஷனைப் பிடிக்காது, காரைச் சீரழித்த ஆத்திரத்தில் தெரிந்தேதான் தப்பான இடத்தைச் சொன்னார், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லுங்கள். அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள், பரவாயில்லை. கொலைகாரன் என்று ஊரெல்லாம் சொல்லட்டும். என்ன தண்டனை கொடுத்தாலும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. மேலே பாக்ஸைப் பற்றி எழுதினது உங்களுக்காக எழுதினது. அந்தப் பக்கத்தை மட்டும் அவளிடம் காட்ட வேண்டாம். அவள் அப்பா பட்டி பார்த்தவன் என்று அவளுக்குத் தெரிந்தால் என்னால் தாங்க முடியாது.