டையோடு சேர்த்துப் போட்ட முடிச்சு

அடுத்த வருஷம் சர்ஜரி சீட்டுக்கு நிக்கப் போறவங்க கையைத் தூக்குங்க... அடேயப்பா, முன்வரிசை முழுக்க! சரி, கீழ போடுங்க. உங்களுக்குன்னே ஒரு கதை வெச்சிருக்கேன், சின்னதுதான். அதுல ஒரு கோமாளி வர்றான். யாரு அவன்? உங்க முன்னாடி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே, இவன்தான்.

நீட் வர்றதுக்கு முந்தின காலம். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில எம்.எஸ். சர்ஜரி சீட்டு ரெண்டே ரெண்டு. பரீட்சை எழுதினா மட்டும் போதாது, நேர்ல வந்து தையல் முடிச்சு போட்டுக் காட்டணும். நான் சும்மா இருப்பேனா? ஹாஸ்டல் கட்டில்ல முடிச்சு... ஜன்னல் கம்பியில முடிச்சு... என் ரூம்மேட் இளவழுதி ஒரு நாள் கத்துறான்: "டேய்! கொசுவலைக்குள்ளேயிருந்து வெளிய வர முடியலடா! எங்கெங்கடா கட்டி வெச்சே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் ஒத்தைக் கையில போட்டது மச்சான்!" அவ்வளவு திமிரு.

நேர்முகத் தேர்வு. எதிர்ல பேராசிரியர் ரெஜினா மேடம். மேஜையில ஒரு பலகை, அதுல பொருத்தின ரப்பர் குழாய், பக்கத்துல நூல், கத்திரி. நான் இளவழுதியோட டையைக் கட்டிக்கிட்டு ஜம்முனு நிக்கிறேன். "போடுங்க தம்பி"ன்னாங்க. குனிஞ்சேன். குழாயைப் பார்க்கல... கையைப் பார்க்கல... மேடம் முகத்தையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு, முடிச்சு மேல முடிச்சா போட்டுத் தள்ளினேன். நிமிரப் போனேன்... முடியல! ஏன்? குழாயோட டை நுனியையும் சேர்த்துக் கட்டியிருக்கேன்!

"முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது மேடம்."

"அப்ப நிமிருங்க."

"இருக்கட்டும் மேடம்... மரியாதைக்குக் குனிஞ்சே பேசுறேன்."

சிரிக்கிறீங்க. எனக்கு வேர்த்து ஊத்துச்சு. கத்திரி கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. எடுத்து வெட்டினா வேலை முடிஞ்சுது. எடுத்தேனா? எடுத்தா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே, சீட்டு போயிடுமே! மெதுவா இழுத்தேன்... இறுகுச்சு. அவ்வளவு நல்லாப் போட்டிருக்கேன்! ஓங்கி ஒரு இழு இழுத்தேன்... குழாய் பிஞ்சு என் கழுத்துல தொங்குது.

மேடம் கோபப்படல. மெதுவாத்தான் கேட்டாங்க: "தம்பி... இது ஒருத்தரோட ரத்தக்குழாயா இருந்திருந்தா?"

சீட்டு போச்சு. ஊருக்கு வந்து "அங்கெல்லாம் சிபாரிசு வேணும்பா"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், அது வேற விஷயம். அடுத்த வருஷம் அதே மேடம், அதே பலகை. பாதியில நூல் பிசகிடுச்சு. வெக்கமா இருந்துச்சு... இருந்தாலும் சொல்லிட்டேன், "தப்பாப் போட்டுட்டேன் மேடம், வெட்டிட்டுத் திரும்பப் போடட்டுமா?" அவங்களே வெட்டி விட்டாங்க. சீட்டும் கிடைச்சுது.

கண்ணுங்களா, கை பிசகாத சர்ஜன் எங்கேயும் கிடையாது. பிசகினதை மறைக்க இழுக்கிறோம் பாருங்க... அந்த இழுப்புலதான் உயிர் போகுது. மயக்கத்துல படுத்திருக்கிறவரால "ஐயா, நிறுத்துங்க"ன்னு சொல்ல முடியுமா? முடியாது. அவருக்காக நீங்கதான் சொல்லணும்.