ஓமின் சொன்ன பிறகும் உட்கார்ந்திரு

அவைக்குத் தலைமையேற்று, நரைத்த மீசைக்குள் புன்னகையை ஒளித்து வைத்திருக்கும் எங்கள் ஆசிரியர் ஷார்ஷென் அகாய் அவர்களே! தலையில் வைத்த தொப்பி தாழாமல் வாழ்ந்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! குதிரைப் பால் கறந்த கையின் ஈரம் காயுமுன் பள்ளி மண்டபத்துக்கு ஓடி வந்த தாய்மார்களே! கதவோரம் நின்றுகொண்டு, 'இந்தம்மா எப்போ முடிக்கும்' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் தந்தைமார்களே! நாளைக் காலை தேர்வெழுதப் போகும் என் தங்கக் கட்டிகளே! நரின் நகரத்து இந்தப் பள்ளியின் தாதி, பெர்மெத், உங்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஊசி போடுகிறவள். என்னைக் கண்டால் பிள்ளைகள் வேறு பாதையில் போவார்கள். பயப்படாதீர்கள், இன்று கையில் ஊசி இல்லை. ஒரு கதை இருக்கிறது. அதுவும் கொஞ்சம் குத்தும்.

என் சித்தப்பா ஜுமாஷின் மகள் சைக்காலை அறிவீர்கள். தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு நாம் என்ன செய்வோம்? கால் இரண்டையும் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவோம். ஊர்ப் பிள்ளைகள் தொலைவிலிருந்து ஓடி வருவார்கள். முதலில் வந்தவர் கத்தியால் கயிற்றை அறுப்பார். ஓடி வந்தவரின் சுறுசுறுப்பு பிள்ளையின் காலுக்கு வந்து சேரும் என்பது நம்பிக்கை. சைக்காலுக்கு முதலில் ஓடி வந்தவள் நான். வந்த வேகத்தில் பிள்ளையின் முன்னாலேயே குப்புற விழுந்து, மண்ணில் கிடந்தபடியே கயிற்றை அறுத்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். என் சித்தி சிரிக்கவில்லையே!

சைக்கால் வளர்ந்தாள். கிண்ணத்தை எடுத்தால் தேநீர் மடியில். சட்டைப் பொத்தான் போட்டால் ஒன்று மாறி ஒன்று. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறி ஆட்டம் காட்டும். ஒரு வரி படிப்பதற்குள் வகுப்பே பக்கம் புரட்டிவிடும். சித்தி யாரைத் திட்டுவாள்? என்னைத்தான்!

"நீ விழுந்த விழுகைதான்டி என் பொண்ணு கால்லயும் கையிலயும் ஏறிக்கிச்சு!"

மறுபடி கயிறு கட்டினார்கள். ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிய பையனை வரவழைத்து அறுக்கச் சொன்னார்கள். மறுநாளும் தேநீர் மடியில்தான். பிறகு தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "கயிறும் காரணமில்ல, கத்தியும் காரணமில்ல. எழுத்து தடுமாறுதே, அதுக்குப் பேரு டிஸ்லெக்சியா. கை கால் சொன்ன பேச்சு கேக்க நேரமாகுதே, அது டிஸ்பிராக்சியா. அறிவுல ஒரு குறையும் இல்ல. நேரம் மட்டும் கூடக் குடுங்க."

நேரம்! எத்தனை சிறிய சொல்! யாரிடம் கேட்பது? யார் கொடுப்பது? காசு கேட்டால் கடன் தருகிறோம், மாவு கேட்டால் மூட்டை தருகிறோம், நேரம் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

சைக்காலின் ஆசை ஒன்றே ஒன்று. கால்நடை மருத்துவக் கல்லூரியில் அரசு இடம். தேர்வில் தேறாவிட்டால், தலைநகரில் அத்தையின் தையல் கூடத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. கிண்ணம் பிடிக்கத் தடுமாறும் கைக்குத் தையல் இயந்திரம்! யோசித்தவர்கள் வாழ்க.

மாதிரித் தேர்வு வந்தது. விடைத்தாளில் வரிசை வரிசையாய் வட்டங்கள், சரியானதைக் கறுப்பாக்க வேண்டும். சைக்கால் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியில் கறுப்பாக்கிவிட்டாள். அதன்பின் எல்லாமே ஒரு படி இறங்கிப் போயின. அத்தனையும் தெரிந்த பிள்ளைக்கு அத்தனையும் தப்பு! விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுதும் அழுதாள்.

நான் சித்தப்பாவிடம் போனேன். "கூடுதல் நேரம் தர சட்டம் இருக்கு. டாக்டர் சான்றிதழைக் குடுத்துக் கேப்போம்" என்றேன். மனிதர் துள்ளிக் குதித்தார்.

"என் பொண்ணு என்ன நொண்டிக் குதிரையா? பாவம் பாத்து யாரும் நேரம் போட வேணாம். ஊர் சிரிக்கும்!"

"சித்தப்பா, பனிக்காலத்துல உங்க குதிரைக்கு ஆணி வச்ச லாடம் அடிக்கிறீங்களே, அது பாவம் பாத்தா?"

"அது… வழுக்குமே!"

"இவளுக்கு எழுத்து வழுக்குது."

மறுநாள் அவரே போய் விண்ணப்பித்தார். அதோ, தூணுக்குப் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள்!

பிறகு பழகினோம். தெரிந்த கேள்வியை முதலில் எழுது. தெரியாததோடு மல்லுக்கட்டாதே. வினாத்தாளிலேயே விடையைக் குறித்துக்கொள், பக்கம் முடிந்ததும் விடைத்தாளுக்கு மாற்று. வரி தாவாமல் இருக்க, வரிக்குக் கீழே ஒரு நூலை வை. எந்த நூல்? அதே கறுப்பு வெள்ளைக் கம்பளி நூல். கையைத் தளர்த்து, மூச்சை விடு, மறுபடி பேனாவைப் பிடி.

தேர்வு நாள் வந்தது. மேற்பார்வையாளர் யார்? நம் தலைவர் ஷார்ஷென் அகாய்! நூலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தும் பார்த்தார். "இது ஆட்டு மயிர்தான். விடை எதுவும் தெரியலை" என்று திருப்பிக் கொடுத்தார். நான் மருந்துப் பெட்டியோடு வாசலுக்கு வெளியே நின்றேன். வாசலைத் தாண்டினால் தேர்வு முடிந்தது, திரும்பப் போக முடியாது. அதுதான் விதி.

மணி அடித்தது. மற்றவர்களின் நேரம் முடிந்தது. சைக்காலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது நம் அகாய் என்ன செய்தார் தெரியுமா? நல்ல மனம் அவருக்கு. பிள்ளைகள் பாடுபட்டு எழுதினார்களே என்று உருகி, இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி, "எழுதினதெல்லாம் பலிக்கட்டும், அப்படியே ஆகட்டும், ஓமின்!" என்று ஆசி சொன்னார். பிள்ளைகளும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி ஆசியை ஏற்றுக்கொண்டு எழுந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், ஓமின் சொன்ன பிறகு நம் வீட்டில் யாராவது ரொட்டியைத் தொடுவோமா? யாராவது உட்கார்ந்திருப்போமா? பெரியவர் ஆசி சொன்னால் விருந்து முடிந்தது! அப்படி வளர்க்கப்பட்டவள்தானே சைக்கால்? அவளும் முகத்தைத் தடவினாள். எழுந்தாள். கடைசிப் பக்கம் முழுவதும் வெள்ளையாய்க் கிடக்க, கூட்டத்தின் கடைசி ஆளாய் வாசலுக்கு வந்துவிட்டாள்.

மற்றவர்கள் வெளியேறியதும் வாசலை இரண்டு கையாலும் மறித்தேன்.

"எங்கடி வர்ற?"

"ஆசி சொல்லிட்டாங்களேக்கா. நான் மட்டும் எப்படி உக்காந்திருக்கறது? எல்லாரும் பாக்கறாங்க."

என்ன சொல்வது? சட்டம் சொன்னால் கேட்பாளா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சைக்கால், கயிறு கட்டின பிள்ளை ஓடுமா?"

"இல்லக்கா."

"யாரு ஓடறது?"

"அறுக்க வர்றவங்க."

"கட்டின பிள்ளை?"

"நிக்கும். காத்திருக்கும்."

"நான் இன்னும் ஓடி வந்துகிட்டுதான்டி இருக்கேன்! விழுந்து எழுந்து வரேன், கொஞ்சம் நேரமாகும். நீ போய் உக்காரு!"

சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். திரும்பினாள்.

அகாய் திகைத்து நின்றார். "ஓமின் சொல்லியாச்சேம்மா?"

"அது அவங்களுக்கு, அகாய். இவளுக்கு இன்னும் பந்தியே முடியல!"

அந்த மனிதர் என்ன செய்தார்? தாம் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாகாதபடி தம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவள் பேனாவை வைத்த பிறகு, அவளுக்கென்று தனியாய் மறுபடியும் உள்ளங்கைகளை ஏந்தினார். அகாய், கண்ணைத் துடைக்காதீர்கள், எனக்கும் வந்துவிடும்.

என்ன கேட்கிறீர்கள்? இடம் கிடைத்ததா என்றா? கிடைத்தது, கிடைத்தது! கை தட்டுங்கள், நன்றாய்த் தட்டுங்கள். ஆனால் கிடைக்காமல் போயிருந்தாலும் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். அந்தக் கடைசிப் பக்கம் அவளுடையது. அதை வெள்ளையாய் விட்டுவிட்டு வரச் சொல்ல நாம் யார்?

நாளை மணி அடிக்கும். விரைந்து முடித்த செல்வங்களே, உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வாருங்கள். உட்கார்ந்திருக்கப் போகும் செல்வங்களே, உலகமே எழுந்தாலும் எழாதீர்கள்! அது பிச்சையல்ல, பங்கு! அது சலுகையல்ல, சட்டம்! அது அவமானமல்ல, உங்கள் நேரம்!

இவ்வளவு நேரம் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், எனக்கு இடம் தந்த பள்ளிக்கும் நன்றி. கூட்டத்தை ஆசியோடு முடித்துவைக்கத் தலைவர் கையை…

அகாய்! அகாய்! கொஞ்சம் கையை இறக்குங்கள். பின்வரிசையில், சிவப்புக் கம்பளிச் சட்டைக்காரப் பெண் ஏதோ கேட்க எழுந்து நிற்கிறாள். வெகுநேரமாய் நிற்கிறாள். வார்த்தை இன்னும் வந்து சேரவில்லை. தாய்மார்களே, உட்காருங்கள். என் நன்றியைச் சொல்லிவிட்டேன், வணக்கம் மட்டும் பாக்கி. இவள் பேசி முடித்ததும் சொல்கிறேன்.

சொல்லு கண்ணு. மெதுவா சொல்லு. நாங்க உக்காந்திருக்கோம்.