பதினோராவது கரண்ட் கட்

— கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் அதுவா ஆன் ஆயிடுது. மீன் தொட்டி பம்ப் மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது? உங்க மேல அதுக்கு அப்படி என்ன பாசம்?

— பாசமெல்லாம் இல்ல. இது லினக்ஸ். பம்பை ஓட்டுற ப்ரோகிராம் என் பேர்ல இருக்கு. நான் பாஸ்வேர்டு அடிச்சு உள்ள நுழைஞ்சாதான் அது எழுந்திரிக்கும். அவ்வளவுதான்.

— பாஸ்வேர்டைச் சொல்லுங்கன்னா அதுவும் மாட்டேங்கறீங்க.

— ஆபீஸ்லயும் அதே பாஸ்வேர்டு.

— ஆறு மாசமா தனித்தனியா இருக்கோம். உங்க ஆபீஸுக்குள்ள பூந்து நான் என்ன பண்ணப் போறேன்?

— ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல. இதோ, குமிழி வருது பாரு. அவ்வளவுதான். கிளம்பட்டுமா?

— உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுது. இதுல உக்காருங்க.

— அதைச் சரி பண்ணச் சொல்லிட்டுத்தானே போனேன்.

— செவ்வாய்க்கிழமை வக்கீல் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா நம்ம கதை முடிஞ்சுடும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— கம்ப்யூட்டர் கடைக்காரர்கிட்ட விசாரிச்சேன். யாரும் உள்ள நுழைய வேண்டாமாம். மெஷின் ஆன் ஆனதும் ப்ரோகிராம் தானா ஓடறதுக்கு ஒரே ஒரு வரி அடிச்சா போதுமாம். நிஜமா?

— ம்.

— ம்னா?

— நிஜம்தான்.

— உங்களுக்குத் தெரியாதா அது?

— தெரியும்.

— எப்பலேருந்து?

— ப்ரோகிராம் எழுதின அன்னிலேருந்து.

— அப்போ பதினோரு தடவை ரெண்டு பஸ் மாறி வந்து, பாஸ்வேர்டு அடிச்சுட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போனீங்களே, அது எதுக்கு?

— அந்த வரியை அடிச்சுட்டா அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவே?

— இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?

— சொன்னா சிரிப்பே.

— இப்ப சிரிச்சேனா?

— இல்ல. சரி, இரு, அடிச்சுடறேன். ஆச்சு. இனிமே கரண்ட் போய் வந்தாலும் பம்ப் தானா ஓடும். நான் வர வேண்டியதில்ல. அது சரி, கடைக்காரர் எப்ப சொன்னாரு? நேத்தா?

— ரெண்டாவது தடவை கரண்ட் போனப்போ.

— அதுக்கப்புறமும் ஒன்பது தடவை ஃபோன் பண்ணி என்னை வரவழைச்சியே.

— அதுக்கப்புறம் கரண்ட் எங்கங்க போச்சு? மெயின் ஸ்விட்சை நான்தான் அணைச்சேன்.