முப்பத்தொண்ணாம் நம்பர் ரிப்பன்

ஃபாயிஸா: ...ஏழு தடவ எண்ணிட்டேண்ணே. நாப்பத்தெட்டு குடுத்தாங்க, நாப்பத்தேழுதான் இருக்கு. முப்பத்தொண்ணக் காணோம்!

இஷாக்: ஒரு ரிப்பனுக்கா ஏவுதளத்துலருந்து இந்தக் கத்து கத்துற? கடையில தலைக்கு மேல வேல கெடக்கு புள்ள. நம்ம பஜாருல கெஜக்கணக்குல...

ஃபாயிஸா: வெளையாடாதண்ணே! ராக்கெட்டுல கழட்ட வேண்டிய மூடி ஒவ்வொண்ணுலயும் ஒரு செவப்பு ரிப்பன் தொங்கும், நம்பர் போட்டு. மூடியக் கழட்டுனா ரிப்பன் எங்கிட்ட வந்துரணும். ஒண்ணு கொறஞ்சா...

இஷாக்: கொறஞ்சா?

ஃபாயிஸா: உள்ள ஒரு மூடி கழட்டாமக் கெடக்குன்னு அர்த்தம். திரும்பத் தொறந்து பாக்கணும். இன்னிக்கு ஒண்ணரைக்குப் பறக்காது. பொறுப்பு யாருன்னு பாத்தா... என் பேரு.

இஷாக்: யா அல்லா.

ஃபாயிஸா: அந்த மூடிய நாந்தான் கழட்டுனேன், நல்லா ஞாபகம் இருக்கு. ரிப்பன அவசரத்துல கைப்பையில போட்டுட்டு லீவுக்கு ஊருக்கு வந்துட்டேன் போல. வீட்டுல பாத்தியா? ஒரு முழம் இருக்கும். வெள்ள எழுத்துல, 'பறக்குமுன் கழற்றவும்'னு இங்கிலீசுல...

இஷாக்: செவப்பு ரிப்பன்... வெள்ள எழுத்து...

ஃபாயிஸா: அண்ணே?

இஷாக்: சொன்னாத் திட்டக் கூடாது.

ஃபாயிஸா: திட்டுவேன். சொல்லு.

இஷாக்: பிரியாணி தேக்சாவுல இருக்கு.

ஃபாயிஸா: சோத்துக்குள்ளயா?!

இஷாக்: ச்சீ, மூடி மேல! தம்முல இருக்குற தேக்சாவ யாரும் தொறந்துறக் கூடாதுன்னு செவப்புத் துணி கட்டுவோம்ல? அதுக்குப் பதிலா... பளபளன்னு நல்லா இருந்துச்சு.

ஃபாயிஸா: கழட்டுன்னு எழுதியிருக்குற ரிப்பன, தொறக்காதேன்னு கட்டி வச்சிருக்கியா! போ, அவுத்து, நம்பர் தெரிய போட்டோ அனுப்பு. வெளியதான் இருக்குன்னு காட்டுனாப் போதும்னு எங்க மேலதிகாரி மேடம் சொல்லிட்டாங்க.

இஷாக்: அது வந்து... தேக்சா இங்க இல்ல. தாடிக்கொம்புல ஒரு விசேஷத்துக்கு...

ஃபாயிஸா: வண்டிய எடு!

இஷாக்: அவுக்க முடியாது புள்ள. அவுத்தா மூடியத் தொறந்துருவாய்ங்க. முந்நூறு பேரு தட்டோட நிக்கிறாய்ங்க. பறக்குற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு...

ஃபாயிஸா: எது பறக்குற வரைக்கும்?

இஷாக்: ...கோழி.

ஃபாயிஸா: மட்டன் பிரியாணிக்குக் கோழி எங்கருந்துண்ணே வந்துச்சு? ஆமா, பின்னாடி என்ன அம்புட்டுச் சத்தம்?

இஷாக்: டிவி.

ஃபாயிஸா: நம்ம கடை டிவி இப்புடி அலறாதே.

இஷாக்: வாடகைக்கு எடுத்தது. பெருசு. தெருவ அடைச்சு...

ஃபாயிஸா: தாடிக்கொம்புத் தெருவயா?

இஷாக்: ...நம்ம கடை வாசல்லதான்.

ஃபாயிஸா: யாருக்கும் சொல்லாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கண்ணு பட்டு, ராக்கெட்டு கெளம்பாமப் போனா...

இஷாக்: யாருக்கும் சொல்லல. முந்நூறு பேருக்கு மட்டுந்தான்.

ஃபாயிஸா: சிரிக்க வைக்காத, இங்க எல்லாரும் பாக்குறாங்க! அத்தாவுக்குத் தெரியுமா? பொம்பளப்புள்ள ராக்கெட்டுக்குத் திருகாணி முடுக்கப் போறாளான்னு எட்டு மாசமா எங்கூடப் பேசாத மனுசன்... தேக்சாவோட சேத்து உன்னயக் கவுத்துருவாரு.

இஷாக்: அத நான் பாத்துக்கிறேன். இந்தா, அவுத்தாச்சு. போட்டோ போகுது பாரு.

ஃபாயிஸா: வரல... வரல... வந்துருச்சு! மேடம், முப்பத்தொண்ணு! இங்க பாருங்க மேடம்! ...அண்ணே, சரின்னுட்டாங்க! ஒண்ணரைக்குப் பறக்குது! பறக்குதுண்ணே!

இஷாக்: அல்ஹம்துலில்லாஹ்! சரி, வச்சிரு, வச்சிரு...

ஃபாயிஸா: இரு. ரிப்பனப் பிடிச்சிருக்குற கை உன் கை இல்லயே. பச்சக் கல்லு மோதிரம்... அண்ணே, அது அத்தாவோடதுல்ல?

இஷாக்: ...அத்தா, கண்டுபுடிச்சுட்டா. நீங்களே பேசுங்க.

அப்துல் கையூம்: ஏத்தா ஃபாயிஸா... அவனத் திட்டாத. உன் பையிலருந்து எடுத்தது நாந்தான். ஒரு வாரமா சட்டப்பையில வச்சுக்கிட்டு, எம்மக வேல பாருன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டித் திரிஞ்சேன். இப்ப மூடியில என் துண்டக் கட்டியிருக்கேன். பறந்துருச்சுன்னு உன் வாயால சொல்லாம அவுக்க மாட்டேன்... சீக்கிரம் சொல்லுத்தா, முந்நூறு பேரும் என்னயவே மொறைக்கிறாய்ங்க.