மூச்சு விட்டால் பூஞ்சை

“சுவர்ல பூஞ்சை வந்ததுக்கு நீங்கதான்மா காரணம். ரூமுக்குள்ள நாலு பேரு மூச்சு விடுறீங்க லா.”

பிரிக்பீல்ட்ஸ் தோசைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வீட்டுக்காரர், அவர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்ணிடம் இப்படிச் சொன்னார்.

“பக்கத்து வீட்டுல ஏழு பேரு மூச்சு விடுறாங்க அங்கிள். அவங்க சுவர் காஞ்சுதான் கிடக்கு. நம்ம பாத்ரூம் பைப் சுவருக்குள்ள ஒழுகுது. அதை மாத்தாம மேல மேல பெயிண்ட் அடிக்கிறீங்க. பிள்ளைக்கு இருமல் நிக்கல.”

“ஜன்னலைத் தொறந்து வைம்மா.”

“தொறந்துதான் இருக்கு. நேத்து வந்து மூச்சு விடாம மூக்கைப் பொத்திக்கிட்டே நின்னீங்களே, பூஞ்சை போயிடுச்சா?”

வரிசையே சிரித்தது. அந்த ஆளுக்கு வெட்கமே இல்லை; தோசை விலையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை நம்ம பிளாட்காரங்க கூட்டம் இருக்கு. பைப்பை ஏன் மாத்தலன்னு அங்க எல்லாரு முன்னாலயும் மைக் புடிச்சுச் சொல்லுங்க அங்கிள்.”