இரண்டாவது கையெழுத்து

— கையெழுத்துப் போடும்மா. கீழே இடம் விட்டு வச்சிருக்கேன்.

— வாபஸ் மனுவை நீங்களே எழுதிட்டீங்களா பெரியப்பா? "செலவுக் குறைப்புக்காக நான் அளித்த யோசனையை முழுமனதோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." அடேயப்பா, என் மனசு இவ்வளவு முழுசா இருக்குன்னு எனக்கே இப்பதான் தெரியுது.

— கிண்டல் வேண்டாம். உன் பெரியம்மா கடையில இருந்து வர்றதுக்குள்ள இதை முடிச்சிடணும்.

— வெள்ளிக்கிழமை பரிசு வாங்கப் போறப்ப நான் கட்டிக்கறதுக்குப் புடவை எடுக்கத்தான் அவங்க போயிருக்காங்க. போற வழியில தெருவுக்கே சொல்லிட்டுப் போயிருப்பாங்க.

— புடவையை வேற நாளைக்குக் கட்டிக்கலாம். சட்டப்படி பார்த்தா, பரிசு கொடுக்கறதுக்கு முன்னாடி யோசனையை எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம். யோசனை கேட்டு வந்த சுற்றறிக்கையில ஆறாவது பத்தி. படிச்சுப் பார்த்துட்டேன்.

— அதுல முதல் பத்தியும் இருக்கு. "ஊழியர்கள் அனைவரும் அச்சமின்றி யோசனை கூறலாம்." ஆபீஸ்ல பயப்பட வேண்டாம்னு எழுதினவன் வீட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலை பாருங்க.

— நான் உன்னை மிரட்டலை.

— பின்னே என்ன? மொத்தம் முன்னூத்திப் பத்து யோசனை வந்துச்சு. ஒருத்தர் ஃபேனை நிறுத்தச் சொன்னாரு. இன்னொருத்தர் மேலதிகாரியையே நிறுத்தச் சொன்னாரு. அத்தனையிலயும் என்னுது முதல்ல வந்திருக்கு. நம்ம வீட்டுக்கு அது பெருமை இல்லையா?

— யோசனை தப்புன்னு நான் சொல்லவே இல்லை. நீ கை வச்ச இடம் தப்பு. நீ எடுக்கச் சொல்றது மருந்துக் கிடங்குல முப்பத்தொரு வருஷமா இருக்கற நடைமுறை. கிடங்கு அதிகாரி ஒரு கையெழுத்து, தலைமை அலுவலகத்துல இன்னொருத்தர் ஒரு கையெழுத்து. ரெண்டும் விழுந்தாத்தான் மருந்து வெளியே போகணும்.

— அந்த ரெண்டாவது கையெழுத்துக்காக தினம் ரெண்டு தடவை ஒரு வேன் பதினேழு கிலோமீட்டர் போயிட்டு வருது. அதுக்குன்னு ஒரு டிரைவர், ஒரு குமாஸ்தா. ஊசி மருந்துக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் காத்துக் கிடக்கறாங்க. அந்தக் கையெழுத்துப் போடறவராவது படிச்சுப் பார்த்துப் போடறாரா? போன மாசம் மருந்து அனுப்பற சீட்டுக் கட்டுக்குள்ள டீக்கடைத் துண்டுச் சீட்டு ஒண்ணு மாட்டிக்கிச்சு. ஆறு டீ, ரெண்டு பன். அதுலயும் போட்டு அனுப்பிட்டாரு. தேதியோட!

— என் காலத்துல அப்படி நடந்திருக்காது.

— தெரியும். உங்களுக்கு 'அளவுகோல்'னு பேராமே. பழைய ஆளுங்க இன்னும், 'அளவுகோல் ஐயா வீட்டுப் பொண்ணா, உட்காரும்மா'ன்னு நாற்காலியைத் துடைச்சுப் போடறாங்க.

— அந்த மரியாதை போயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— ஒரு விதியை எடுக்கணும்னா, அது எதுக்கு வந்துச்சுன்னு முதல்ல பார்ப்பாங்க. பழைய கோப்பைத் திறப்பாங்க. அதுல நம்ம குடும்பத்துப் பேர் இருக்கு.

— யார் பேரு?

— விடும்மா.

— பாதியில நிறுத்தினீங்கன்னா நான் இதைத் தொட மாட்டேன்.

— உன் அப்பன் பேரு. போதுமா?

— அப்பா நெஞ்சுவலி வந்து வேலையை விட்டாருன்னுதானே சொன்னீங்க?

— மூணு வயசுப் பிள்ளைகிட்ட வேற என்ன சொல்றது? அப்புறம் சொல்லணும்னு தோணலை. அவனா விடலை. அவனை விலக்கினாங்க. நான் கிடங்கு அதிகாரி, அவன் எனக்குக் கீழே காப்பாளன். ஒரே சீட்டுல நாற்பது பெட்டி ஊசி மருந்து வெளியே போச்சு. எந்த ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேரலை. எவனோ ஒரு வெளியாள் வண்டியைக் கொண்டுவந்து ஏத்திட்டுப் போயிட்டான். அந்தச் சீட்டுல என் கையெழுத்து.

— உங்க கையெழுத்து.

— என் கையெழுத்து மாதிரி. கள்ளக் கையெழுத்து. தான்தான் போட்டதா உன் அப்பனே விசாரணையில எழுதிக் கொடுத்தான். இனிமே ஒருத்தர் கையெழுத்தை மட்டும் நம்பக் கூடாதுன்னு அதுக்கப்புறம்தான் அந்த விதியே வந்துச்சு.

— உங்களுதுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியலையா?

— அச்சு அசலா இருந்துச்சு. அவனுக்கு அது கைவந்த கலை.

— அப்பாவுக்கா? வெளியூர்ல மில்லுக்கு வேலைக்குப் போனப்புறம் எனக்குப் போட்ட கடுதாசி எல்லாம் இருக்கு. ஒரு வரி கூட நேரா இருக்காது. கோழி கிளறின மாதிரி இருக்கும்.

— சட்டப்படி பார்த்தா, ஒத்துக்கிட்டவன் குற்றவாளி. அவன் போய்ச் சேர்ந்தே பத்தொன்பது வருஷம் ஆச்சு. அவன் பேர் அவனோட போகட்டும், அதைத் தோண்டி எடுத்து மேடையில வைக்காதே. தம்பி பொண்ணுன்னு நான் உன்னைப் பிரிச்சுப் பார்த்ததில்லை. உன் காதுல ஒரு கெட்ட சொல் விழாம வளர்த்தேன். இது ஒண்ணைத்தான் உன்கிட்ட கேட்கறேன்.

— நான் எதையும் மறக்கலை. இந்த வீட்டுல எனக்குச் சோறு போட்டதுக்கு அப்புறம்தான் உங்க பிள்ளைங்க மூணு பேருக்கும் தட்டு வரும். அது ஏன்னு எனக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் புரிஞ்சுது.

— என்ன புரிஞ்சுது?

— நான் இப்ப எந்தப் பிரிவுல இருக்கேன் பெரியப்பா?

— பதிவறையில.

— பழைய கோப்பு எது வேணும்னாலும் தேடி எடுக்கறது நான்தான். யோசனை கேட்டு சுற்றறிக்கை வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கோப்பைப் படிச்சிட்டேன். நீங்க சொல்லுவீங்களான்னுதான் இவ்வளவு நேரம் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்தச் சீட்டு ஒரு உறைக்குள்ள கசங்காம இருக்கு.

— ஓ.

— கையெழுத்து பச்சை மையில இருக்கு. மருந்துப் பேரும் பெட்டி எண்ணிக்கையும் நீல மை. நீல எழுத்து பச்சைக்கு மேல ஏறி ஓடுது. முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் மத்ததெல்லாம். வெத்துச் சீட்டுல போட்ட கையெழுத்து அது.

— அவன் அப்படிப் போட்டிருக்கலாம்.

— பன்னிரண்டு வருஷம் என் மார்க் அட்டையில மாசா மாசம் நீங்கதானே போட்டீங்க? முடிச்சிட்டு ஒரு புள்ளி வைப்பீங்க. பேனாவை எடுக்கறப்ப பக்கத்துல இன்னொண்ணு தானா விழும். அது விழறது உங்களுக்கே தெரியாது. அந்தச் சீட்டுலயும் அந்த ரெண்டாவது புள்ளி இருக்கு. உங்களுக்கே தெரியாததை அப்பா எப்படிப் பார்த்துப் போட்டாரு?

— கொஞ்சம் தண்ணி கொடு.

— இந்தாங்க. மெதுவா.

— இந்த வீட்டைக் கட்டிக்கிட்டு இருந்தேன். காலையில நான் பக்கத்துல நிக்கலைன்னா கொத்தனார் ஏமாத்திடுவான். நான் வர்ற வரைக்கும் கிடங்கு வேலை நிக்கக் கூடாதேன்னு, ஒரு கட்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டு மேஜைமேல வச்சிட்டு வந்துடுவேன். அம்பது சீட்டு. ஒண்ணு காணாமப் போனது எனக்குத் தெரியவே இல்லை.

— அப்பாவுக்கு?

— அவனுக்குத் தெரியும். விசாரணைக்கு முந்தின நாள் இங்க வந்தான், சுவருக்கு அப்ப பூச்சு கூட இல்லை. "உனக்கு மூணு பிள்ளைங்க, பாதி வீடு. எனக்கு ஒண்ணே ஒண்ணு, தாயில்லாதது. அதையும் நீ பார்த்துக்குவேல்ல அண்ணா"ன்னான். நான் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலைம்மா. சொல்லலை.

— ம்.

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. அந்தக் கோப்பை எல்லாரும் திறக்கணும், என் மானம் சந்தி சிரிக்கணும்னுதானே இந்த யோசனையை எழுதினே? உனக்கு அந்த உரிமை இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

— அவங்க திறக்கவே இல்லை பெரியப்பா. அந்த விதி எதுக்கு வந்துச்சுன்னு பரிசுக் குழு கேட்டப்ப நான் ஒரு அரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதுல யார் பேரும் கிடையாது. அதைப் படிச்சிட்டுத்தான் முடிவு பண்ணினாங்க.

— அப்படின்னா எதுக்கும்மா எழுதினே?

— அடுத்த மாசத்துல இருந்து பழைய கோப்பையெல்லாம் கணினியில ஏத்தி, யார் வேணா பார்க்கற மாதிரி வைக்கப் போறாங்க. ஆனா நடப்புல இருக்கற விதியோட கோப்பு மட்டும்தான் ஏறும். எடுத்துட்ட விதின்னா, முப்பதாம் நாள் கோப்பை இயந்திரத்துல போட்டுத் தூளாக்கிடுவாங்க.

— அப்ப நீ...

— வேன் செலவும் ஆஸ்பத்திரியும் எல்லாம் நிஜம்தான். ஆனா நான் ராத்தூக்கம் இல்லாம உட்கார்ந்து எழுதினது அதுக்காக மட்டும் இல்லை. இந்த மனுவுல நான் கையெழுத்துப் போட்டா, விதி நிக்கும், அந்தச் சீட்டை ஊரே பார்க்கும். போடலைன்னா அது தூளாப் போயிடும், நீங்க நீங்களாவே இருப்பீங்க, அப்பா கடைசி வரைக்கும் திருடன்தான். அது தெரிஞ்சுதான் எழுதினேன் பெரியப்பா.