மூன்றாம் மெஷின் பச்சையில் இருந்தது

உங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் எத்தனை பட்டன் இருக்கிறது, அதில் எத்தனையைத் தொட்டிருக்கிறீர்கள்? இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. எங்கள் தொழிற்சாலை சாஃப்ட்வேரும் அந்தக் கதைதான். தகரத்தை அழுத்தி டப்பா மூடி செய்கிற தொழிற்சாலை. அங்கே கம்ப்யூட்டரில் உட்காருபவன் நான்.

புதுசு வாங்கலாமா என்று கேட்டதற்கு முதலாளி, “இருக்கிறதையே கால்வாசிதான்பா பயன்படுத்துறோம். முதல்ல இதை முழுசா கற,” என்றார். கறந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே படித்துப் படித்து, ஆறு வருடமாக யாரும் திறக்காத ‘மெஷின் பராமரிப்பு’ பகுதியைத் திறந்தேன்.

நல்ல ஏற்பாடு அது. முப்பது நாளுக்கு ஒருமுறை ஃபிட்டர் மெஷினைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் திரையில் சிவப்பு விழும், அந்த மெஷினுக்கு வேலைச் சீட்டு வராது. சீட்டு இல்லாமல் யாரும் மெஷினைத் தொடக்கூடாது. திரையில் வராத மெஷினை ஃபிட்டரும் தொடக்கூடாது. இந்த இரண்டு விதியும் என் யோசனை. சீட்டு வந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பப் பழகினார்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அரை நாள் மெஷின் நின்றது. உற்பத்தி விழுந்தது. தினசரி அறிக்கையின் அடியில் இருப்பது என் பெயர். ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்ற சின்னக் கட்டத்தில் முப்பதுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டுப் பார்த்தேன். சாஃப்ட்வேர் ஏற்றுக்கொண்டது. தப்பென்றால் சொல்லியிருக்கும் அல்லவா?

எல்லாம் பச்சையானது. முதலாளி எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

மூன்றாம் மெஷினில் வேலை செய்தது என் அக்காவின் கணவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு திங்கட்கிழமை கையைத் துடைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தார்.

“மாப்ள, பிரேக் சரியா பிடிக்கல. பெடல்ல இருந்து காலை எடுத்தப்புறமும் அச்சு ஒரு தடவை தானா இறங்குது. ஃபிட்டர்கிட்ட சொன்னா, லிஸ்ட்ல வந்தாத்தான் தொடுவேங்குறான்.”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். “பச்சைதான் காட்டுது மாமா.”

“மெஷின்கிட்ட நிக்கிறது நானா, உன் பெட்டியா?” என்றார். பிறகு அவரே சிரித்தார். “சரி விடு. நீ அனுப்புற சீட்டு. நீ பார்க்காமயா அனுப்புவ?”

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எண்ணைத் திருத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் உற்பத்தி அறிக்கையைப் பார்க்க வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை திருத்தலாம் என்று வைத்திருந்தேன். வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்கு மாமாவின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

சாஃப்ட்வேரில் விபத்துக்கென்றும் ஒரு பகுதி இருந்தது. அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயன்படுத்தினோம்.

ஆம்புலன்ஸ் போனதும் அந்தச் சைபரை எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். உடனே திரையில் சிவப்பு விழுந்தது: மூன்றாம் மெஷின், இருநூற்றுப் பதினான்கு நாள் தாமதம், பொறுப்பு ஃபிட்டர். அவர் பெயரை நான் தட்டவில்லை, தானாக வந்தது.

“இது லிஸ்ட்ல வரவே இல்ல சார்,” என்று ஃபிட்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய லிஸ்ட் எதுவும் அவரிடம் இல்லை. காகிதம் வீணாகிறது என்று அச்சடிப்பதை நான் நிறுத்தியிருந்தேன்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாப்பா?” என்று முதலாளி அவரைக் கேட்டார். ஃபிட்டர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ மட்டும் அங்க இல்லன்னா, தப்பு யாரு மேலன்னே தெரியாமப் போயிருக்கும்டா,” என்றாள். மனசு லேசானது. குடும்பத்துக்கு நம்மால் ஆனது ஏதோ.

மறுநாள் காலை ஃபிட்டரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆள் பெயரை நீக்க ஒரு பட்டன் இருந்தது. அதையும் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினேன்.